தரையில் உட்கார முடிகிறதா என்று யாரும் கேட்பதில்லை

முதுகில் ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் கழித்து செக்கப்புக்கு வருகிறவர்களிடம் சர்ஜன் முதலில் கேட்பது, "இப்போ எப்படி இருக்கு?" என்பதுதான். பெரும்பாலும் வரும் பதில், "நல்லா இருக்கேன் டாக்டர், எல்லாம் உங்க புண்ணியம்." அதே ஆள் கொஞ்ச நேரம் கழித்து பிசியோதெரபி அறைக்கு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே வேறு மாதிரி பேசுவார். "கால் இழுக்குறது நின்னுருச்சும்மா. ஆனா..."

நான் தென் மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வரும் பேச்சைத்தான் வேலை நேரம் முழுக்கக் கேட்கிறேன். இரண்டு பதிலில் எதுவும் பொய் இல்லை. நம் ஊரில் வைத்தியம் பார்த்தவரின் முகத்துக்கு நேராகக் குறை சொல்வது நன்றி கெட்ட செயல். அது மட்டுமில்லை. கேள்வி கேட்கும்போது பக்கத்தில் மகன் நிற்கிறான். காப்பீட்டில் வந்தது போக மிச்சத்துக்கு மருமகளின் நகையை அடகு வைத்தவன் அவன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய் "இன்னும் வலிக்குதுப்பா" என்பாள்?

ஆகவே 'நோயாளிக்குத் திருப்தி' என்று கோப்பில் எழுதுவதில் பாதி மரியாதை கலந்திருக்கிறது. மீதிப் பாதியையும் நாம் சரியாக அளக்கிறோமா என்பதுதான் என் கவலை.

அளக்க ஒரு கருவி இருக்கிறது. இடுப்பு வலிக்காக உலகம் முழுக்க அதிகம் பயன்படும் கேள்வித்தாள்களில் ஒன்றின் பெயர் ஆஸ்வெஸ்ட்ரி. அது இங்கிலாந்தில் வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஒரு சிறிய ஊரின் பெயர். அங்குள்ள எலும்பு மருத்துவமனையில் ஜெரமி ஃபேர்பேங்க்கும் உடன் வேலை பார்த்தவர்களும் உருவாக்கி 1980-ல் வெளியிட்டார்கள். வலி, சுயவேலை, எடை தூக்குதல், நடை, உட்காருதல், நிற்றல், தூக்கம், தாம்பத்தியம், வெளிப் பழக்கம், பயணம் என்று 10 பகுதிகள். ஒவ்வொன்றிலும் 6 வாக்கியங்கள், 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 50-ஐ இரட்டிப்பாக்கி நூற்றுக்கு இத்தனை என்று சொல்வோம். 20 வரைக்கும் லேசான பாதிப்பு, 40-ஐத் தாண்டினால் கடுமை. அறுவை சிகிச்சைக்கு முன் 60 இருந்தவருக்குப் பிறகு 20 வந்தால் சர்ஜன் நிம்மதியாக மூச்சு விடுவார்.

நல்ல கருவி அது. எளிமையானது, நேர்மையானது. ஆனால் நம் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டிப் பாருங்கள். உட்காருதல் பகுதியில் முதல் வாக்கியம், 'எந்த நாற்காலியிலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார முடியும்.' இரண்டாவது, 'எனக்குப் பிடித்த நாற்காலியில் மட்டும் எவ்வளவு நேரமும் உட்கார முடியும்.' வீட்டில் மொத்தமே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வைத்திருக்கும் பாட்டி, "பிடிச்ச நாற்காலியா?" என்று என்னைப் பார்க்கிறார். எடை தூக்கும் பகுதியில், தரையிலிருந்து கனத்தைத் தூக்க முடியாவிட்டாலும் மேசை மாதிரி வசதியான இடத்தில் இருந்தால் தூக்க முடியுமா என்று வரும். நம் வீட்டில் எது மேசை மேல் இருக்கிறது? தண்ணிக் குடம், அரிசி மூட்டை, சிலிண்டர், அழும் பேரக்குழந்தை எல்லாமே தரையில்தான். நடைக்கு மைல் கணக்கு. "மைலா? எங்க ஊர்லேருந்து பஸ் ஸ்டாப் தூரம்னு சொல்லும்மா, சொல்றேன்."

தாம்பத்தியம் பற்றிய பகுதி அநேகமாக வெறுமையாகத் திரும்பி வரும். ஆசிய நாடுகள் பலவற்றில் இதே கதைதான், சில மொழிகளின் படிவங்களில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். விட்டுப்போனால் 50-க்குப் பதில் 45-க்குக் கணக்குப் போட வேண்டும் என்று விதியே இருக்கிறது. கணக்கு சரியாகிவிடும். ஆனால் 30 வயசுக்காரர் ஒருவர் பயிற்சி முடிந்து எல்லோரும் போகும்வரை கதவருகே நிற்பார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, "மேடம், ஒரு விஷயம் கேக்கணும், ஆம்பள டாக்டர் யாராச்சும் இருக்காங்களா?" என்பார். கேள்வி அவரிடம் இருக்கிறது. மகனும் மாமியாரும் சூழ்ந்திருக்கும் அறையில் அதை நிரப்பச் சொன்னால் எப்படி நிரப்புவார்? நாங்கள் இப்போது அந்தப் பக்கத்தைத் தனியாக, ஆணிடம் ஆணும் பெண்ணிடம் பெண்ணுமாகக் கேட்கிறோம். கூச்சத்தோடு என்றாலும் பதில் சொல்கிறார்கள்.

ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாத அளவுக்கு விவரங்களை மாற்றியிருக்கிறேன். அறுபதை நெருங்கும் வயது, மதுரைப் பக்கத்துக் கிராமம். இடுப்புப் பகுதி முதுகெலும்பில் எல் நாலு, எல் அஞ்சு என்று நாங்கள் சொல்லும் கடைசி இரண்டு எலும்புகளுக்கு இடையே நரம்பு நெருக்கப்பட்டு, தெருமுனை வரைக்கும் நடக்க முடியாமல் வந்தார். ஸ்க்ரூ வைத்து இரண்டு எலும்பையும் இணைத்தார்கள். ஆறு மாதத்தில் கால்வலி முழுக்கப் போய்விட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. கேள்வித்தாளில் மதிப்பெண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. எந்தக் கருத்தரங்கிலும் காட்டலாம் போன்ற கேஸ். "திருப்தியா இருக்கீங்களா?" என்று கேட்டேன். "ஆபரேஷன் பண்ணாமலே இருந்திருக்கலாம் தாயி" என்றார்.

பேரனுக்குக் காதுகுத்து நடந்திருக்கிறது. பெண்கள் எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டு இருக்க, இவர் மட்டும் சுவரோரம் சிவப்பு நாற்காலியில். "அம்புட்டுப் பேரும் கீழ இருக்காக, நான் மட்டும் மேல உக்காந்திருக்கேன். எங்க பெரியத்தா வந்து கீழ உக்காருது, எனக்குக் கீழ. நானென்ன மகாராணியா?" இதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார முடியவில்லை என்று மேசையில் தனியாகப் பரிமாறினார்களாம். அன்போடுதான். அந்த அன்பே அவரைக் கூட்டத்திலிருந்து பிரித்துவிட்டது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை என்னிடம் கடைசியாகத்தான் சொன்னார். வீட்டில் இந்தியன் கழிப்பறை. குத்த வைத்து உட்காரக் கூடாது என்றதால், நடுவில் ஓட்டை போட்ட நாலுகால் ஸ்டூலை வாங்கி அதன் மேல் வைத்திருக்கிறான் மகன். கழிப்பறை சின்னது. ஸ்டூலில் உட்கார்ந்தால் முழங்கால் முட்டி, கதவைச் சாத்த முடியவில்லை. ஆகவே வீட்டில் யாரும் எழுந்திருக்கும் முன், விடியற்காலை இருட்டில் போய்விட்டு வருகிறார். பகலில் அடக்கிக்கொள்கிறார். அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறார். கேள்வித்தாளின் 10 பகுதிகளில் எதிலும் இது வராது.

குனியாதே, குத்த வைக்காதே, தரையில் உட்காராதே என்ற கட்டுப்பாடுகளுக்குக் காரணம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். எலும்பு இணையும்வரை அந்த இடத்துக்கு அசைவு கூடாது. கீழே உட்காரும்போது இடுப்பு முன்பக்கமாக வளைகிறது, அந்த வளைவு ஸ்க்ரூவை இழுக்கும். ஆனால் எத்தனை மாதத்துக்கு என்று யாரும் சொல்லியனுப்புவதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் 'தவிர்க்கவும்' என்று அச்சடித்திருக்கும். நோயாளி அதை ஆயுசுக்கும் என்று எடுத்துக்கொள்கிறார். இந்த அம்மாவுக்கு ஆறாம் மாதம் சர்ஜனிடம் கேட்டபோது, "தாராளமாப் பழக்குங்க" என்றார். அப்புறம் உயரமான மணையில் ஆரம்பித்து, ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, ஒரு முழங்காலை முதலில் ஊன்றி, பக்கவாட்டில் சாய்ந்து உட்காரப் பழக்கினோம். சம்மணம் முழுசாக வரவில்லை. காலை ஒருபக்கமாக மடித்துத் தரையில் உட்கார வந்துவிட்டது.

மற்ற நாட்டுக்காரர்கள் இதை நமக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். எலும்பை இணைத்தால் வலி போகும், ஆனால் இடுப்பு விறைக்கும். விறைப்பால் அன்றாட வாழ்க்கையில் என்ன இழக்கிறார்கள் என்று அளக்க அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ராபர்ட் ஹார்ட் குழுவினர் 10 கேள்விகள் கொண்ட தனித் தாள் ஒன்று செய்தார்கள். உள்ளாடை அணிவது, கழிப்பறையில் சுத்தம் செய்வது போன்ற, யாரும் வாய்விட்டுச் சொல்லாத வேலைகள் அதில் வருகின்றன. கொரியாவில் இன்னும் ஒரு படி மேலே போய், தரையில் உட்காருவதையே கேள்வியாக வைத்து மதிப்பீடு உருவாக்கினார்கள். சூடேற்றிய தரையில் உண்டு, உறங்கி, பெரியவர்களுக்குத் தரையில் விழுந்து வணங்குகிற வாழ்க்கை அவர்களுடையது. நாமும் அப்படித்தானே வாழ்கிறோம்? தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து தொழும் பாய் ஒருவர், மார்க்கத்தில் அதற்கு அனுமதி உண்டு என்று அவருக்கே தெரிந்திருந்தும், என்னிடம் குரல் கம்ம அதைச் சொல்லியிருக்கிறார்.

பண்பாடும் முதுகுவலியும் பற்றிய ஆராய்ச்சி புதிதில்லை. 1952-ல் மார்க் ஸ்போரோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார். அவரிடம் பேசியவர்களில் பெரும்பாலோருக்கு ஜவ்வு விலகலும் தண்டுவடக் கோளாறும்தான். இத்தாலியர்களும் யூதர்களும் வலியை வெளிப்படையாகக் காட்டினார்கள், வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே மாதிரி. உள்ளே போய்ப் பார்த்தால் வேறு. இத்தாலியருக்கு இந்த நிமிட வலி போனால் போதும், மருந்து கொடுத்ததும் முகம் மலர்ந்துவிடும். யூத நோயாளிகளோ மருந்து வாங்கவே தயங்கினார்கள். இந்த வலி எதைக் காட்டுகிறது, நாளைக்கு என் குடும்பம் என்னாகும் என்பதுதான் அவர்கள் கவலை. பல தலைமுறையாக அமெரிக்காவில் இருந்தவர்கள் டாக்டரிடம் மூன்றாம் மனிதரைப் போல வலியை விவரித்தார்கள், தாங்க முடியாதபோது ஒதுங்கித் தனியாக இருந்தார்கள்.

இந்த ஆய்வில் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் இருக்கிறது. இனத்துக்கு ஒரு குணம் என்று எழுதிவைத்தால், 'அந்தச் சாதிக்காரங்க அப்படித்தான் கத்துவாங்க' என்று வார்டில் யாரோ பேச ஆரம்பிப்பார்கள். நான் கேட்டிருக்கிறேன், அது வலி மாத்திரை தாமதமாக வருவதில் போய் முடியும். ஆனால் வலி போவது வேறு, கவலை போவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டியது இன்றைக்கும் என் அறையில் உண்மை. ஒரே தெருவிலிருந்து வரும் இரண்டு பேரில் ஒருவருக்கு வலி நின்றதே போதும். இன்னொருவர் வலியே இல்லாமல் உட்கார்ந்து, "மறுபடி வருமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இரண்டாமவருக்கு ஸ்கேனைக் காட்டிப் பேச ஆள் வேண்டும். அது நடக்காதவரை அவர் திருப்தி அடைவதில்லை.

பயம் நம் ஊரில் முன்கூட்டியே வந்துவிடுகிறது. "முதுகுல கத்தி வச்சா படுத்த படுக்கைதான்" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. ஆர்லிக்ஸ் பாட்டிலோடும் ஆரஞ்சுப் பழத்தோடும் பார்க்க வருகிறவர்கள், தங்களுக்குத் தெரிந்த ஒரு படுக்கைக் கதையையும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். மறுநாளே நோயாளியை எழுப்பி நடக்க வைப்பதுதான் இன்றைய முறை. சீக்கிரம் நடந்தால் ரத்தம் கட்டாது, நுரையீரலில் சளி தங்காது, தசை கரையாது. நான் இரண்டு பக்கமும் பிடித்து நடக்க வைக்கும்போது, வராந்தாவில் நிற்கும் அத்தை, "பாவம், கத்தி பட்ட உடம்பு, இப்படியா போட்டு வதைப்பாக?" என்பார். வீட்டுக்குப் போனதும் மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். முட்டை, மீன், கத்திரிக்காய் எல்லாம் நிறுத்தப்படும், சீழ் பிடிக்குமாம். புண் ஆற எது தேவையோ அதையே நிறுத்திவிட்டு ரசம் சோறு கொடுப்பார்கள்.

இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் கண்ணில் வைத்துப் பார்த்த பழக்கம் அது. அதில் ஒரு பெரிய செல்வம் இருக்கிறது. தனியாக வாழ்ந்து, யாரும் எடுத்துச் செய்ய ஆளில்லாதவர் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு படும் பாட்டைப் பார்த்தவர்கள் நம் குடும்பங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஆகவே நான் அத்தையிடம் சண்டை போடுவதில்லை. "நீங்கதான் அவரைக் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தெருக்கோடி வரைக்கும் கூட்டிட்டுப் போகணும், வேற யாரையும் நம்பமாட்டேன்" என்பேன். ஓய்வு கொடுப்பதில் காட்டிய அதே கண்டிப்பை நடக்க வைப்பதிலும் காட்டுவார்.

பெல்ட் இன்னொரு கதை. ஆறு வாரத்தில் கழற்றலாம் என்று சொன்ன பெல்ட்டை வருடக்கணக்கில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் மருமகள்கள். அதுவும் சேலைக்கு மேலே, எல்லோருக்கும் தெரியும்படி. ஒருத்தி வெளிப்படையாகவே சொன்னாள். "இதக் கழட்டுனா நாளைக்கே மாவாட்டச் சொல்லுவாங்கக்கா." முதுகுத் தழும்பு சேலைக்குள் மறைந்திருக்கிறது. வெளியே தெரிவது பெல்ட் மட்டும்தான், அதுதான் அவளுடைய லீவ் லெட்டர். லோடுமேன் வேலைக்குப் போகிற ஆண்களோ அதையே சட்டைக்குள் ஒளித்துக் கட்டுவார்கள், முதுகு போனவன் என்று தெரிந்தால் அடுத்த லாரிக்குக் கூப்பிடமாட்டார்கள். இவர்களிடம் "வலி எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்று கேட்டு வாங்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள்.

எதிர்பார்ப்பு நிறைவேறியதா என்பதுதான் திருப்தியைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. முதுகு அறுவை சிகிச்சை ஆய்வுகளில் இது திரும்பத் திரும்ப வரும் செய்தி. ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தினால் காலில் வலி இழுக்கும். அந்த அழுத்தத்தை எடுத்தால் கால்வலி சீக்கிரம் போகும். மரத்துப்போனது மெதுவாகத்தான் திரும்பும், சிலருக்கு முழுக்கத் திரும்பாது. இடுப்பில் பல வருடமாக இருக்கும் கடுப்பு, ஜவ்வும் மூட்டும் தேய்ந்ததால் வருவது. அது குறையலாம், குறையாமலும் போகலாம். சர்ஜன்கள் இதைச் சொல்கிறார்கள். யாரிடம் சொல்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். கையெழுத்து வாங்கும் அறையில் பேச்சு முழுக்க மகனோடும் மருமகனோடும் நடக்கிறது. நோயாளி வெளியே பெஞ்சில். மகன் வெளியே வந்து, "ஒண்ணும் பயமில்லம்மா, எல்லாம் சரியாயிரும்" என்பான். அம்மாவுக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான். பிறகு இடுப்பு கடுக்கும்போது அவர் ஏமாந்ததாக நினைப்பதில் என்ன தப்பு?

அமெரிக்காவில் நோயாளியின் மனது வேறு விதமாகப் பேசியது. ஜவ்வு விலகலுக்கு ஆபரேஷனா, மருந்தும் பயிற்சியுமா என்று பார்க்க 2000-ல் 13 மருத்துவமனைகளில் பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். குலுக்கல் முறையில் பிரித்தும், ஏராளமானோர் தங்களுக்கு விழுந்த பக்கத்தில் நிற்காமல் மறுபக்கம் போய்விட்டார்கள். 2006-ல் முடிவுகள் வந்தபோது எது சிறந்தது என்று அடித்துச் சொல்ல முடியாததற்கு அதுவே காரணம். அங்கே தனி ஆள் தன் விருப்பத்தைப் பேசி நடத்திக்கொள்கிறார். இங்கே அந்த விருப்பம் குடும்பத்தின் வழியாகத்தான் வெளியே வரும், அல்லது வராமலே போகும்.

ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே, குடும்பத்தை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு கேள்வி கேட்கிறேன். "என்ன செய்ய முடிஞ்சா, நான் நல்லாயிட்டேன்னு சொல்லுவீங்க?" வரும் பதில்களை அப்படியே, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுகிறேன். பழனியில் 693 படியும் ஏற வேண்டும், நேர்த்திக்கடன் பாக்கி. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். வாசலில் குனிந்து கோலம் போட வேண்டும். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டும். நடக்க முடியாமல் தவிக்கும் ஒரு பெரியவர், சைக்கிளில் மட்டும் டீக்கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தார் (முன்னால் குனிந்து மிதிக்கும்போது நரம்புக்கு இடம் கிடைக்கும், நிமிர்ந்து நடந்தால் நெருங்கும்). அவர் கேட்டது, "சைக்கிளைத் தள்ளிக்கிட்டு, சேக்காளியோட பேசிக்கிட்டே நடந்து வரணும்." அதற்கு ஆபரேஷன் உதவும். உதவியது.

சில பதில்களுக்கு முன்கூட்டியே முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கும். தென்னை ஏறும் தொழிலாளி ஒருவர், திரும்ப மரம் ஏற வேண்டும் என்றார். சர்ஜன் அந்தத் தாளைப் படித்துவிட்டு அவரையே உள்ளே கூப்பிட்டார். மகனை அல்ல. "கால்வலி போக நல்ல வாய்ப்பு இருக்கு. இடுப்பு வலி கொஞ்சம் இருக்கும். மரம் ஏற நான் சம்மதிக்க மாட்டேன், இப்பவே சொல்லிடறேன்." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனார். அடுத்த வாரம் வந்து, "அண்ணன் மகன் ஏறட்டும், நான் கீழ நின்னு கணக்குப் பாக்குறேன், பண்ணிருங்க" என்றார். இன்றைக்கும் அவருக்கு மாலையில் இடுப்பு கடுக்கிறது. ஆஸ்வெஸ்ட்ரி மதிப்பெண்ணில், மகாராணியா என்று கேட்ட அந்த அம்மாவை விட இவர் நிலை மோசம். திருப்தி என்ற கட்டத்தில் மட்டும் யோசிக்காமல் முழு டிக் போட்டார்.

இந்தத் தாளை இப்போது கேஸ் ஷீட்டோடு சேர்த்து வைக்கிறோம். ரவுண்ட்ஸில் சர்ஜன் அதைப் புரட்டிப் பார்க்கிறார். அதில் இன்னொரு கேள்வியையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் என்ன வகைக் கழிப்பறை, அதன் உள்ளளவு என்ன, ஸ்டூலில் உட்கார்ந்தால் கதவு சாத்துமா. சாத்தாது என்றால் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி வைக்க ஒரு ஆசாரிக்கு அரை நாள் வேலைதான். நோயாளி டிஸ்சார்ஜ் ஆவதற்குள் மகன் அதை முடித்துவிடலாம்.